எட்டுப் பேருக்கு ஒரே கணக்கு, பழி மட்டும் ஒருத்தி மேல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரோம்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் 24 ஆண்டுகள் கணினி ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாடம் எடுத்ததில்லை. மாணவர்களுக்குக் கணினியில் கணக்கு (உள்ளே நுழைய ஆளுக்கென்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும்) திறந்து கொடுப்பது, பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது, படிப்பு முடிந்ததும் கணக்கை மூடுவது, இவைதான் என் வேலையில் பெரும்பகுதி. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத என்ன இருக்கிறது என்றுதான் சென்ற மாதம் வரை நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். வடபழனி பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் பில் போடும் வேலை அவளுக்கு. முகமே சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் கூட இறங்கவில்லை. விசாரித்த பிறகுதான் சொன்னாள். அலுவலகக் கணினியிலிருந்து 11,400 ரூபாய் பில் ஒன்று அழிந்துபோயிருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார், கையில் ரசீது வைத்திருக்கிறார், கணினியில் மட்டும் பில் இல்லை. "அந்த சீட்ல உட்கார்றது நீதானே" என்று கேட்டு அவளிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

"பெரியம்மா, கம்ப்யூட்டர்ல யார் அழிச்சாங்கன்னு பார்க்க முடியாதா?" என்று கேட்டாள்.

பார்க்க முடியும். அவளே பார்த்தும் இருக்கிறாள். அந்த மென்பொருளில் யார், எந்த நேரத்தில், எதை அழித்தார் என்ற பதிவு இருக்கிறது. நேரம் மாலை 6.52. அழித்தவர் பெயர், "ஆபீஸ்". அவள் அன்று 6.15-க்கே கிளம்பிவிட்டாள். ஆனால் அங்கே வரும்போது மட்டும்தான் கையெழுத்து, போகும்போது கிடையாது.

அந்த அலுவலகத்தில் மூன்று கணினிகள், எட்டுப் பேர். எட்டுப் பேரும் "ஆபீஸ்" என்ற ஒரே பெயரில்தான் உள்ளே நுழைகிறார்கள். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்களாம். யார் செய்த ஏற்பாடு என்று கேட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கணினி வாங்கியபோது மாட்டிக் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்றாள். வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அப்படி எத்தனை இடத்துக்கு ஓடுகிறாரோ. அவரிடம் யாரும் வேறு மாதிரி கேட்கவும் இல்லை.

வருகைப் பதிவேட்டில் எட்டுப் பேரும் ஒரே கையெழுத்தைப் போட எந்த முதலாளியாவது விடுவாரா? "ஆபீஸ் வந்தது, ஆபீஸ் போனது" என்று எழுதி வைத்தால் யாருக்குச் சம்பளம் கொடுப்பது, யாருக்குப் பிடிப்பது? நோட்டில் விடாததைக் கணினியில் மட்டும் ஏன் விடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இது அந்த ஒரு அலுவலகத்தின் கதையும் இல்லை. மருந்துக்கடை, கூரியர் பிடிக்கும் இடம், ஸ்கேன் எடுக்கும் இடம், நான் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். ஒருவர் எழுந்து போகிறார், அடுத்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே திரையில் வேலையைத் தொடர்கிறார். பெயர் மாறுவதே இல்லை.

ஆளுக்கு ஒரு கணக்கு வைப்பது பெரிய வேலை, செலவு பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். 24 வருடம் அதைச் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு ஆளுக்கு அரை நிமிடம். பைசா செலவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சர்வர், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுவது. அதில் ஒரு கணக்கு என்பது ஒரு கோப்பில் ஒரு வரி. ஏழு துண்டுகள், நடுவே முக்காற்புள்ளி. பயனர் பெயர் முதலில். அடுத்ததில் வெறும் ஒரு எக்ஸ்; பாஸ்வேர்டு முன்பு இங்கேதான் இருந்தது, இப்போது அதை வேறொரு கோப்பில், ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கு மட்டும் திறக்கிற மாதிரி பத்திரமாக வைக்கிறார்கள். அப்புறம் அந்த ஆளுக்கான எண், குழுவின் எண், முழுப் பெயர், அவருடைய கோப்புகள் இருக்கும் ஃபோல்டர், கடைசியாக உள்ளே வந்ததும் ஓட வேண்டிய நிரல். நம்முடைய எண்கள் 1000-லிருந்து தொடங்கும். அதற்குக் கீழே உள்ளவை கணினி தன் சொந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்பவை. பூஜ்யம் என்ற எண் ரூட்டுக்கு.

இந்த வரியை எழுதுவதற்கென்றே "யூசர்ஆட்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோப்பைத் திறந்து கையாலும் எழுதலாம், ஆனால் கூடாது. ஏன் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்வேன். 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் சேர்ந்து பயன்படுத்திய கணினி ஒன்றில் இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தினார்கள். ஒருவர் திருத்தியது பாஸ்வேர்டு கோப்பு, மற்றவர் திருத்தியது உள்ளே வருகிறவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பு. இரண்டும் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்தவர்கள் எல்லோருடைய திரையிலும் மற்ற எல்லோருடைய பாஸ்வேர்டும் ஓடியது. யூசர்ஆட் கட்டளை கோப்பைப் பூட்டிக்கொண்டுதான் எழுதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைக்க முடியாது.

ஜூன் மாதம் வந்தால் எங்களுக்குத் திருவிழா மாதிரி. கல்லூரி திறந்து பத்து நாளுக்குள் 300, 400 பேருக்குக் கணக்கு திறக்க வேண்டும். என் உதவிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கட்டளையை வாயால் சொல்லித்தான் பழக்கினேன். "யூசர்ஆட், இடம் விடு, ஹைபன் எம், இடம் விடு, ஹைபன் சி, மேற்கோள் போட்டு முழுப் பெயர், மேற்கோளை மூடு, ஹைபன் இ, தேதி, கடைசியில் பயனர் பெயர்." ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் அடிக்க விடுவேன். ஹைபன் எம் என்பது அந்த மாணவருக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கு என்பதற்கு. எங்கள் சர்வரில் ஓடியது டெபியன் என்ற லினக்ஸ் வகை. அதில் இதை விட்டுவிட்டால் கணக்கு திறந்துவிடும், ஃபோல்டர் இருக்காது. பையன் உள்ளே வருவான், எங்கே சேமிப்பது என்று தெரியாமல் நிற்பான். ஹைபன் இ என்பது கணக்கு முடியும் தேதி. 2015-ல் மூன்று வருடப் படிப்பில் சேர்ந்தால் 2018 மே 31. சேருகிற அன்றே முடிகிற தேதியையும் போட்டுவிட்டால் பிறகு யாரும் நினைவு வைத்துக்கொண்டு மூட வேண்டியதில்லை.

பயனர் பெயருக்கு முதலில் மாணவர்களின் பெயரையே வைத்துப் பார்த்தோம். ஒரே வகுப்பில் நான்கு கார்த்திக், ஐந்து பிரியா. இனிஷியலைச் சேர்த்தால், அதிலும் இரண்டு பேருக்கு ஒரே இனிஷியல். அப்புறம் ரோல் நம்பருக்கு மாறினோம். அது எண்ணில் தொடங்கியதால், கணினி ஆளுக்குத் தரும் எண்ணோடு குழம்பக்கூடாது என்று அதையும் விட்டோம். படிப்பின் ஆங்கிலச் சுருக்கத்தை முன்னால் வைத்து, பின்னால் எண்ணைப் போட்டோம். அதோடு தீர்ந்தது.

ஆனால் ஹைபன் சி-யில் முழுப் பெயரைத் தமிழிலேயே போட்டோம். பயனர் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வைப்பதுதான் நல்லது, முழுப் பெயருக்கு அது தேவையில்லை. பெயரில் ழகரம் உள்ள ஒரு பெண், அவளுடைய மூன்று சான்றிதழ்களில் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தது. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் திரை ஓரத்தில் தன் பெயர் தமிழில், ழகரத்தோடு சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு அன்றைக்கு முழுக்க அதுவே போதுமாக இருந்தது.

முதல் நாள் இன்னொன்றும் தவறாமல் நடக்கும். நாங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டு ஒரு தடவைக்கு மட்டும்தான். "சேஜ்" என்று ஒரு கட்டளை உண்டு, அதில் ஹைபன் டி, பூஜ்யம் என்று கொடுத்துவிட்டால், முதல் முறை உள்ளே வரும்போதே பாஸ்வேர்டை மாற்று என்று கணினி கேட்கும். மாணவர் புதிதாக ஒன்று அடிப்பார். திரையில் ஒன்றும் வராது. நட்சத்திரக் குறி கூட வராது. "மேடம், கீபோர்டு வேலை செய்யல" என்று வரிசையாகக் கைகள் உயரும். வேலை செய்கிறது, எத்தனை எழுத்து என்பது கூடப் பின்னால் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் காட்டவில்லை என்று ஒவ்வொரு வருடமும் சொல்வேன். சொன்னதும் அந்தப் பிள்ளைகள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வயதில் பலருக்குத் தனக்கென்று ஒரு பூட்டும் சாவியும் அதுதான் முதல் தடவை.

இவ்வளவு சொல்கிற நானும் ஒரு பெண்ணுக்குத் தீங்கு செய்திருக்கிறேன். அதையும் சொன்னால்தான் இந்தக் கடிதம் முழுமையாகும்.

எங்களிடம் ஓராண்டு டிப்ளமோ ஒன்று இருந்தது. 31 பேர். அவர்களுக்குத் தாமதமாக, ஆகஸ்டில்தான் கணக்கு திறப்போம் என்பதால் இருப்பதிலேயே பெரிய எண்கள் அவர்களுக்கு அமைந்தன. 1640 முதல் 1670 வரை. அடுத்த மே மாதம் அவர்கள் போனதும் "யூசர்டெல்" கட்டளையால் 31 கணக்குகளையும் நீக்கினேன். அதில் ஹைபன் ஆர் சேர்த்தால் ஃபோல்டரும் போய்விடும். யாராவது தங்கள் ப்ராஜெக்டைக் கேட்டு வருவார்களே என்று இரக்கப்பட்டு, ஃபோல்டர்களை மட்டும் விட்டுவைத்தேன்.

ஜூனில் புது மாணவர்கள் வந்தார்கள். யூசர்ஆட், நாம் எண் சொல்லாவிட்டால், இருப்பதில் பெரிய எண்ணுக்கு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். நான் மே மாதம் நீக்கியதால் பெரிய எண் 1639. ஆக, புதிய மாணவர்களுக்கு 1640-லிருந்து ஏறியது. கோப்பு யாருடையது என்பதைக் கணினி பெயரால் எழுதி வைப்பதில்லை, எண்ணால்தான் எழுதி வைக்கிறது. 1652 என்ற எண்ணோடு விட்டுப்போன பழைய ஃபோல்டர், அதிலிருந்த அத்தனை நிரல்களோடு, 1652 கிடைத்த முதலாண்டு மாணவியின் பெயருக்கு மாறி நின்றது.

செப்டம்பரில் ஓர் ஆசிரியர் ஏதோ தேடப்போக இது கண்ணில் பட்டது. சீனியர் ஒருவரின் ஃபோல்டர், உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் நேராக இந்தப் பெண்ணின் பயனர் பெயர். சீனியரின் வேலையைத் திருடித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். துறைத் தலைவர் அறையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார்கள். அவளுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதே புரியவில்லை. அழுதுகொண்டே லேப் வாசலில் வந்து நின்றாள். நான் சர்வர் முன்னால் உட்கார்ந்து அந்தக் கோப்புகளின் பட்டியலை எடுத்தேன். எல்லாவற்றிலும் கடைசியாகத் திருத்திய தேதி பிப்ரவரி, மார்ச். இவள் கல்லூரிக்குள் காலடி வைத்தது ஜூனில். எண் பட்டியலையும் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவளைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் கணக்கை உடனே நீக்கியதே இல்லை. முடிகிற தேதி வந்ததும் அது தானே மூடிக்கொள்ளும், வரி மட்டும் அப்படியே இருக்கும், எண் அடுத்தவருக்குப் போகாது. ஆறு மாதம் கழித்து ஃபோல்டரைத் தனியாக நகல் எடுத்து வைத்த பிறகுதான் நீக்கம். பாஸ்வேர்டைப் பூட்டினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. பாஸ்வேர்டுக்குப் பதில் சாவியாகப் பயன்படும் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து நுழைகிறவருக்கு பாஸ்வேர்டே தேவையில்லை. கணக்கையே காலாவதியாக்க வேண்டும். "ஃபைண்ட்" கட்டளையில் நோயூசர் என்று கொடுத்தால், சொந்தக்காரர் இல்லாத கோப்புகளையெல்லாம் எடுத்துக் காட்டும். ஒவ்வொரு மே மாதமும் அதை ஒரு முறை ஓட்டிவிட்டுத்தான் விடுமுறைக்குப் போவேன்.

தங்கை மகளுக்கு நடந்ததைக் கேட்டபோது அந்த மாணவி முகம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேருமே கணினி காட்டிய ஒரு பெயருக்காகக் குற்றவாளியாக நின்றவர்கள். அந்த மாணவியைக் காப்பாற்ற ஒரு தேதியாவது இருந்தது. இவளுக்குக் கணினி தருவதெல்லாம் "ஆபீஸ்" என்ற பெயரும், அவள் அங்கே இல்லாத ஒரு நேரமும். அதையும் அவளால் நிரூபிக்க முடியவில்லை.

இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் ஓர் உத்தரவு போட்டது. இணையத் தாக்குதல் மாதிரி சம்பவம் எதுவும் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் 180 நாள் பதிவிலும் "ஆபீஸ், ஆபீஸ், ஆபீஸ்" என்றே இருந்தால் அதை வைத்துக்கொண்டு யாரை விசாரிப்பது? பெரிய நிறுவனங்களிலும் ரூட் பாஸ்வேர்டை ஐந்து பேர் பகிர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் லினக்ஸில் "சூடு" என்ற கட்டளை இருக்கிறது. அவரவர் தங்கள் கணக்கிலேயே உள்ளே வந்து, தேவைப்படும் கட்டளைக்கு மட்டும் ரூட் அதிகாரத்தைப் பெறலாம். யார் எதைச் செய்தார் என்பதும் பதிவாகும்.

சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் விண்டோஸ்தான். அங்கேயும் இது முடியும். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை நிர்வாகி அதிகாரத்தோடு திறந்து, "நெட் யூசர்" என்று அடித்து, பெயரைப் போட்டு, ஒரு நட்சத்திரக் குறி, பிறகு சாய்கோடு ஆட். பாஸ்வேர்டைக் கேட்கும், திரையில் காட்டாது. சாய்கோடு எக்ஸ்பயர்ஸ், முக்காற்புள்ளி போட்டுத் தேதி கொடுத்தால் அந்தத் தேதியோடு கணக்கு முடியும். மூன்று மாதப் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு மூன்று மாதக் கணக்கு, அவ்வளவுதான். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை சாய்கோடு ஆக்டிவ், முக்காற்புள்ளி, நோ என்று நிறுத்திவைக்கலாம். பில் போடும் மென்பொருளிலும் ஆளுக்கு ஒரு பெயர் வைக்கும் வசதி இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். தங்கை மகளின் அலுவலக மென்பொருளில் இருந்தது. யாரும் திறந்தே பார்க்கவில்லை.

பாலிடெக்னிக், கலைக் கல்லூரி ஆய்வகங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்கள் எல்லோருக்கும் "ஸ்டூடண்ட்" என்று ஒரே கணக்கைத் திறந்து வைக்காதீர்கள். இங்கே அப்படிப் பழகுகிற பிள்ளைதான் நாளைக்கு அலுவலகத்துக்குப் போய் எட்டுப் பேருக்கு ஒன்று வைக்கும். முதல் செமஸ்டரிலேயே ஒவ்வொரு மாணவரையும் தன் கையால் ஒரு கணக்கைத் திறக்க வையுங்கள், முடிகிற தேதி போட வையுங்கள், அந்த ஏழு துண்டு வரியைப் படிக்க வையுங்கள். தனிச் சர்வர் வேண்டாம், பழைய கணினி ஒன்று போதும். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவில் உருவான பாஸ் லினக்ஸ் இலவசம், அதுவும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான், இதே கட்டளைகள் அதிலும் ஓடும். எனக்குத் தெரிந்து ஒரு மணி நேரப் பாடம் இது.

தங்கை மகள் அடுத்த ஞாயிறும் வந்தாள். என் பழைய மடிக்கணினியில் எட்டுக் கணக்குகளை அவளே திறந்து பார்த்தாள், இரண்டு முறை பிழை வந்தது, மூன்றாவது முறை சரியாக அடித்தாள். மறுநாள் முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். "பார்க்கலாம்மா" என்றிருக்கிறார். இந்த வாரம் மூன்று பேருக்கு மட்டும் தனிக் கணக்கு திறக்க அனுமதி கிடைத்திருக்கிறது. மீதி ஐந்து பேர் இன்னும் "ஆபீஸ்"தான். அவள் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம் அவளுடைய ஃபைலில் அப்படியே இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும்படி திங்கட்கிழமை எழுத்தில் கேட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆய்வக உதவியாளர்,
குரோம்பேட்டை, சென்னை.